மருந்து சமைக்கும் உயிரணுக்கள்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கிருட்டிணகிரி மாவட்டத்தில், குன்றுகளும் காடுகளும் சூழ அமைந்த ஊர் தேன்கனிக்கோட்டை. இவ்வூரைச் சுற்றிலும் கேழ்வரகு விளையும் செம்மண் நிலங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றிற்கு அப்பால் யானைகள் உலவும் காடுகள் தொடங்குகின்றன. கருநாடக எல்லை அண்மையில் இருப்பதால், தமிழும் தெலுங்கும் கன்னடமும் இப்பகுதி மக்களின் நாவில் ஒருங்கே பயில்கின்றன.

இங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வடக்கே சென்றால் ஓசூர் நகரை அடையலாம். உழவையும் கால்நடையையும் நம்பி வாழ்ந்த இப்பகுதியில், கடந்த அரை நூற்றாண்டிற்குள் ஆலைகள் பல எழுந்தன. கைக்கடிகாரங்களும் மோட்டார் சைக்கிள்களும் லாரிகளும் இன்று அங்கே உருவாகின்றன. அவ்வாலைகளில் எஃகு வளைகிறது, எந்திரம் சுழல்கிறது, தொழிலாளர் கைகள் ஓயாது இயங்குகின்றன.

ஓசூரிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், பொம்மசந்திரா என்னும் தொழிற்பகுதி வருகிறது. அங்கே வேறொரு வகையான ஆலையும் உண்டு. அதிலும் எஃகுக் கலங்கள் உள்ளன, குழாய்கள் உள்ளன, இரவு பகலாக வேலை நடைபெறுகிறது. ஆயினும், அங்கே பொருளை உண்டாக்கும் தொழிலாளி கண்ணுக்குப் புலப்படாத உயிரணு. அது உண்டாக்கும் பொருளோ, மனித உடலில் ஊறும் புரதத்தைப் போன்ற புரதம். நோயுற்றோர்க்கு அதுவே மருந்தாகிறது.

மனிதப் புரதத்தை மனித உடலுக்கு வெளியே உண்டாக்குவது எவ்வாறு? அதற்கு உயிரணுவின் துணை எதற்கு? அத்தகைய மருந்து ஏன் விலை மிகுந்ததாக இருக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண, முதலில் புரதத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

புரதத்தின் இயல்பு

மனித உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. அவ்வுயிரணுக்கள் செய்யும் பணிகளுள் பெரும்பாலானவற்றை நிறைவேற்றுபவை புரதங்கள். உண்ட உணவைச் செரிக்கச் செய்பவை புரதங்கள். குருதியில் உயிர்க்காற்றைச் சுமந்து செல்வது ஒரு புரதம். காயம் பட்ட இடத்தில் குருதியை உறையச் செய்பவையும் புரதங்களே.

அமினோ அமிலங்கள் எனப்படும் இருபது வகைச் சிறு பொருள்களைச் சங்கிலி போலக் கோத்தமைத்ததே புரதம். இருபது நிறப் பூக்களைக் கொண்டு மாலை தொடுப்பதாக வைத்துக்கொள்வோமாயின், எந்தப் பூவிற்கு அடுத்து எந்தப் பூ என்னும் வரிசை மாறுந்தோறும் மாலையும் மாறும். புரதமும் அத்தகையதே. இன்சுலின் என்னும் சிறு புரதத்தில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. குருதி உறைவதற்குத் துணைபுரியும் எட்டாம் காரணி என்னும் பெரும் புரதத்தில் 2,332 உள்ளன. கோக்கப்பட்ட சங்கிலி அப்படியே நீண்டு கிடப்பதில்லை. அது குறிப்பிட்ட ஒரு முறையில் மடிந்து, தனக்குரிய வடிவத்தைப் பெறுகிறது. வடிவம் பிழைத்தால் பணியும் பிழைத்துவிடும்.

எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்னும் குறிப்பு, உயிரணுவிற்குள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு புரதத்திற்குரிய குறிப்பு அடங்கிய பகுதியை மரபணு என்பர். அம்மரபணு பழுதுற்றாலும், புரதத்தை உண்டாக்கும் உறுப்புக் கெட்டாலும், உடலுக்குத் தேவையான புரதம் கிடைக்காமற் போகும். கணையத்தில் இன்சுலின் ஊறாவிட்டால் நீரிழிவு தோன்றும். எட்டாம் காரணி இல்லாதவர்க்குச் சிறு காயமும் பெருங்கேடாக முடியும். இந்நிலையில் மருத்துவர் செய்யத்தக்கது ஒன்றே: இல்லாத புரதத்தை வெளியிலிருந்து கொடுத்தல் வேண்டும். ஆனால் அதனை எங்கிருந்து பெறுவது?

பிற உடல்களை நாடிய காலம்

கனடா நாட்டின் டொராண்டோ நகரில், 1921-ஆம் ஆண்டு, பிரெடரிக் பாண்டிங் என்னும் மருத்துவரும் சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவரும் விலங்கின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டனர். அவ்வாண்டிற்கு முன்பு, இன்சுலின் அறவே ஊறாத நீரிழிவு கொண்ட சிறுவர்கள் மெலிந்து மடிவதைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. 1922 சனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. தூய்மை குறைந்த முதல் மருந்து போதிய பயன் அளிக்கவில்லை. சில நாட்களில், ஜேம்ஸ் காலிப் என்னும் அறிஞர் மேலும் தூய்மையாக்கித் தந்த மருந்து செலுத்தப்பட்டது. சாவின் விளிம்பில் நின்ற அச்சிறுவன் உயிர் பிழைத்து, மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தான்.

அன்று முதல் அறுபது ஆண்டுகள், உலகிற்கு வேண்டிய இன்சுலின் மாடுகளின் கணையத்திலிருந்தும் பன்றிகளின் கணையத்திலிருந்துமே கிடைத்தது. கால் கிலோவிற்கும் சற்றுக் குறைவான தூய இன்சுலினைப் பெற இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. பன்றி இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஓர் அமினோ அமிலத்தில் வேறுபடுகிறது. மாட்டு இன்சுலின் மூன்றில் வேறுபடுகிறது. அச்சிறு வேறுபாட்டினாலும், கலந்திருந்த பிற பொருள்களாலும், சிலருடைய உடல் அம்மருந்தை எளிதில் ஏற்கவில்லை.

எல்லாப் புரதங்களுக்கும் விலங்குகள் உதவவில்லை. உடல் வளர்ச்சிக்குரிய புரதம் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஊறுகிறது. அதில் விலங்கினுடையது மனிதர்க்குப் பயன்படாது. ஆகவே, வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு, இறந்த மனிதர்களின் சுரப்பிகளிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. பல குழந்தைகள் அதனால் வளர்ந்தனர். ஆனால் 1985-ஆம் ஆண்டு ஒரு பெருந்துயரம் வெளிப்பட்டது. அம்மருந்தை முன்னர் பெற்றவர்களுள் சிலர் இளம் வயதிலேயே மூளையை அழிக்கும் கொடு நோய்க்கு ஆளாகி இறந்தனர். இறந்தோர் உடலில் மறைந்திருந்த நோய், மருந்தோடு சேர்ந்து அவர்களைப் பற்றியிருந்தது. அமெரிக்காவில் அம்மருந்து உடனே நிறுத்தப்பட்டது.

குருதி உறையாமை நோயாளர்க்கு நேர்ந்த துன்பம் இதனினும் பெரிது. அவர்களுக்கு வேண்டிய எட்டாம் காரணி, குருதிக் கொடையாளர் பல்லாயிரவரின் குருதியை ஒன்றாகச் சேர்த்துப் பிரித்தெடுக்கப்பட்டது. அவர்களுள் ஒருவரிடம் நோய்க் கிருமி இருப்பினும், மருந்து முழுவதும் நஞ்சாயிற்று. 1980-களின் தொடக்கத்தில், அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் ஆயிரக்கணக்கான நோயாளர் இவ்வாறு எய்ட்சு கிருமியைப் பெற்றனர். உயிர் காக்க வந்த மருந்தே உயிரைக் கவர்ந்தது. பிற உடல்களிலிருந்து மருந்தை எடுப்பதில் அளவும் போதாது, அச்சமும் நீங்காது என்பதை உலகம் உணர்ந்தது.

எல்லா உயிர்க்கும் ஒரே மொழி

இதற்குள் ஆராய்ச்சிக் கூடங்களில் புதிய வழியொன்று பிறந்திருந்தது. அதற்கு அடிப்படையான உண்மை வியப்பிற்குரியது. தேன்கனிக்கோட்டைச் சந்தையில் மூன்று மொழிகள் ஒலிக்கலாம், ஆனால் அங்கு நிற்கும் மனிதர், அவர்களுடைய மாடு, தோளில் கிடக்கும் மூட்டைக் கேழ்வரகு, மண்ணில் வாழும் பாக்டீரியா ஆகிய எல்லாவற்றின் உயிரணுக்களும் மரபணுக் குறிப்பை ஏறத்தாழ ஒரே மொழியில்தான் எழுதுகின்றன, படிக்கின்றன. ஆகவே, மனித மரபணு ஒன்றைப் பாக்டீரியாவிற்குள் செலுத்தினால், பாக்டீரியாவும் அக்குறிப்பைப் படித்து மனிதப் புரதத்தைக் கோத்துத் தரும்.

1973-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர்களான ஸ்டான்லி கோகனும் ஹெர்பர்ட் பாயரும், ஓர் உயிரின் டி.என்.ஏ. துண்டை வெட்டி மற்றொன்றின் டி.என்.ஏ.வோடு ஒட்டிப் பாக்டீரியாவிற்குள் செலுத்தினர். அத்துண்டு அங்கே செயற்படவும் கண்டனர். நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறித்து வேறொரு வயலில் நடுவது போன்றது இம்முறை. வெவ்வேறு இடத்து மரபணுக்கள் ஒன்றாக இணைக்கப்படுவதால், இவ்வாறு பெறும் புரதத்தை மறுசேர்க்கைப் புரதம் என்பர்.

1978-இல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் உண்டாக்கப்பட்டது. 1982-இல் அது மருந்தாக அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. வளர்ச்சிப் புரதமும் இம்முறையில் உருவாகி, பழைய மருந்து நிறுத்தப்பட்ட அதே 1985-ஆம் ஆண்டின் இறுதியில் நோயாளரை வந்தடைந்தது. கணையத்திற்காக மாட்டையும் பன்றியையும், சுரப்பிக்காக இறந்தோரையும் நாட வேண்டிய தேவை குறையலாயிற்று.

பாக்டீரியாவால் இயலாத பணி

எனினும், எல்லா மனிதப் புரதங்களையும் பாக்டீரியாவால் உண்டாக்க இயலவில்லை. இதனை எரித்ரோபாய்ட்டின் என்னும் புரதத்தின் வரலாறு விளக்கும்.

குருதியின் சிவப்பணுக்களை உண்டாக்குமாறு எலும்பு மச்சைக்குக் கட்டளையிடும் புரதம் எரித்ரோபாய்ட்டின். இது பெரும்பாலும் சிறுநீரகத்தில் ஊறுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு டயாலிசிஸ் என்னும் முறையால் குருதியைத் தூய்மை செய்யலாம். ஆனால் இப்புரதத்தை அம்முறையால் தர இயலாது. அதனால் அவர்கள் கடுமையான குருதிச் சோகைக்கு ஆளாகி, அடிக்கடி பிறர் குருதியை ஏற்றிக்கொண்டே வாழ நேர்ந்தது.

இப்புரதம் உடலில் மிக நுண்ணிய அளவிலேயே உள்ளது. சிகாகோ நகரத்து அறிஞர் யூஜின் கோல்டுவாசர் இதனைத் தூய நிலையில் பெறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். ஒருவகைக் குருதிச் சோகை நோயாளரின் சிறுநீரில் இது மிகுதியாக வெளியேறுவதை அறிந்து, ஜப்பானிய மருத்துவர் தகாஜி மியாகே 2,550 லிட்டர் சிறுநீரைத் திரட்டி உலர்த்தி அவரிடம் கொண்டு சேர்த்தார். 1977-இல் அவ்வளவு சிறுநீரிலிருந்தும் கிடைத்தவை சில மில்லிகிராம்களே. ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட அவற்றிற்கு இல்லை. ஆயினும், அச்சிறு துளியைக் கொண்டு அமினோ அமிலங்களின் வரிசையில் ஒரு பகுதியை அறிய முடிந்தது. அதனைத் துணையாகக் கொண்டு, தைவானில் பிறந்த பூ குவென் லின் என்னும் அறிஞர் 1983-இல் அமெரிக்காவில் அதற்குரிய மரபணுவைக் கண்டெடுத்தார்.

மரபணு கிடைத்துவிட்டது. ஆனால் அதனைப் பாக்டீரியாவில் நட்டுப் பெற்ற புரதம் நோயாளர்க்கு உதவாது. ஏனெனில், எரித்ரோபாய்ட்டினின் எடையில் ஐந்தில் இரு பங்கு சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. மனித உயிரணு அமினோ அமிலங்களைக் கோத்த பின்னர், குறிப்பிட்ட இடங்களில் இச்சங்கிலிகளைப் பொருத்துகிறது. அவை இல்லாத புரதம் குருதியில் தங்குவதில்லை, விரைவில் அகற்றப்பட்டுவிடும். பாக்டீரியா மரபணுவின் மொழியைப் படிக்கும். ஆனால் சர்க்கரையைப் பொருத்தும் இக்கலையை அறியாது. பெரும் புரதங்களைச் சரியாக மடிக்கவும் அது பெரும்பாலும் தவறிவிடும். பாலூட்டி விலங்கின் உயிரணுவே இவ்விரு பணிகளையும் செய்ய வல்லது.

அத்தகைய உயிரணு முன்னரே ஆராய்ச்சிக் கூடத்தில் காத்திருந்தது. 1957-ஆம் ஆண்டு தியோடர் பக் என்னும் அமெரிக்க அறிஞர், சீனத்து ஹாம்ஸ்டர் எனப்படும் சிற்றெலியின் சூலகத்திலிருந்து உயிரணுக்களைப் பிரித்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். உடலிலிருந்து பிரித்த உயிரணுக்கள் பொதுவாகச் சில காலம் பெருகிப் பின் அழிந்துவிடும். இவையோ ஓயாமல் பெருகிக்கொண்டே இருந்தன. அச்சிற்றெலி மறைந்து நெடுங்காலமாயிற்று. அதன் உயிரணுக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் உலகெங்கும் மருந்தாலைகளில் வாழ்கின்றன. மாரடைப்பின்போது குருதிக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் புரதம், இவ்வுயிரணுக்களில் உருவாகி 1987-இல் மருந்தாயிற்று. எரித்ரோபாய்ட்டின் 1989-இல் மருந்தாக ஏற்கப்பட்டது. எட்டாம் காரணியும் 1992-இல் இவ்வழியே வந்தது. பிறர் குருதியை எதிர்பார்த்து அஞ்சி வாழ்ந்தோர்க்கு அச்சம் நீங்கும் வழி பிறந்தது.

ஆலையில் நிகழ்வது

மனித மரபணுவை ஏற்ற உயிரணுக்கள் எல்லாம் ஒரே திறனுடையன அல்ல. சில மிகுதியாகப் புரதம் தரும். சில குறைவாகத் தரும். சில விரைவில் திறன் இழக்கும். ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-இல் தோன்றிய கால்நடைப் பண்ணை இன்றும் உள்ளது. நல்ல கால்நடையைத் தேர்ந்து அதன் வழியைப் பெருக்குவது அத்தகைய பண்ணைகளின் பணி. அதுபோலவே, அறிஞர்களும் ஆயிரக்கணக்கான உயிரணுக்களை ஆராய்ந்து, சிறந்த ஓர் உயிரணுவைத் தேர்ந்தெடுக்கின்றனர். அதன் வழியில் பெருகியவற்றைச் சிறு குப்பிகளில் அடைத்து, நீர்ம நைட்ரஜனின் கடுங்குளிரில் உறங்க வைக்கின்றனர். விதை நெல்லைக் குதிரில் காப்பது போன்றது இச்செயல்.

மருந்து உண்டாக்கும் காலம் வந்ததும் ஒரு குப்பி எடுக்கப்படுகிறது. விழித்தெழுந்த உயிரணுக்கள் முதலில் சிறு குடுவையில் வளர்கின்றன. பின்னர் அதனினும் பெரிய கலத்திற்கு மாறுகின்றன. இறுதியில் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் எஃகுக் கலத்தை அடைகின்றன. அக்கலத்தில் சர்க்கரை, அமினோ அமிலங்கள், உப்புகள், உயிர்ச்சத்துகள் ஆகியன கலந்த நீர் அவற்றிற்கு உணவாகிறது. வெப்பம் மனித உடலின் அளவான 37 பாகையை ஒட்டி வைக்கப்படுகிறது. நீரின் அமிலத் தன்மையும், அதில் கரைந்த உயிர்க்காற்றின் அளவும் இடைவிடாது அளந்து சீர் செய்யப்படுகின்றன. பாக்டீரியாவைப் போன்று உறுதியான சுவர் இவ்வுயிரணுக்களுக்கு இல்லை. எனவே கலக்கும் தகடு மெல்லச் சுழலல் வேண்டும். காற்றுக் குமிழி வெடிப்பதும் அவற்றைச் சிதைத்துவிடும்.

தூய்மையே இவ்வாலையின் உயிர்நாடி. எலியின் உயிரணு இரண்டாகப் பெருக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். பாக்டீரியாவிற்கோ நல்ல உணவிருப்பின் இருபது நிமிடம் போதும். உயிரணு ஒருமுறை பெருகுவதற்குள் பாக்டீரியா 72 முறை பெருகும் காலம் கிடைத்துவிடும். ஆகவே, ஒரு பாக்டீரியா உட்புகுந்தாலும் கலம் முழுவதும் பாழாகும். உள்ளே செல்லும் காற்றும் நீரும் வடிகட்டப்படுகின்றன. பணி புரிவோர் தலை முதல் கால் வரை மூடிய உடை அணிகின்றனர்.

ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழிந்த பின் அறுவடை தொடங்குகிறது. உயிரணுக்கள் புரதத்தை நீரில் வெளியிட்டிருக்கும். அவற்றை அகற்றி, எஞ்சிய நீரைப் பலவகை வடிகட்டிகளின் வழியாகவும், வேண்டிய புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் குழல்களின் வழியாகவும் செலுத்துவர். கிருமிகள் ஏதேனும் மறைந்திருப்பின் அவற்றை அழிக்கவும் நீக்கவும் தனி முறைகள் உண்டு. 1980-களின் துயரம் கற்பித்த பாடம் அது. இவையெல்லாம் முடிந்து, நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளில் குறையில்லை எனத் தெரிந்த பின்னரே மருந்து குப்பியில் அடைக்கப்படுகிறது. அதன் பின்னும் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் அதனைக் காத்தல் வேண்டும். வெயிலில் வைத்தால் புரதம் சிதையும். உறைய வைத்தாலும் சிதையும்.

அண்டை நிலத்தில் ஒரு முயற்சி

இவ்வரிய தொழில் நெடுங்காலம் மேலை நாடுகளுக்கே உரியதாக இருந்தது. மருந்துகள் கடல் கடந்து வந்தன. அவற்றின் விலையும் எளியோர்க்கு எட்டாததாக இருந்தது. அந்நிலையை மாற்ற முனைந்தோர் இந்தியாவிலும் தோன்றினர்.

அவர்களுள் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த கிரண் மஜும்தார். அவர் ஆஸ்திரேலியாவில் நொதித்தல் தொழிலைப் பயின்று திரும்பினார். பெண் என்பதால் அத்தொழிலில் அவருக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. 1978-ஆம் ஆண்டு, பெங்களூரில் வாடகைக்கு எடுத்த கார்க் கொட்டகை ஒன்றில், பத்தாயிரம் ரூபாய் முதலுடன் பயோகான் நிறுவனத்தைத் தொடங்கினார். பப்பாளிப் பாலிலிருந்து நொதிப்பொருள் எடுப்பது அதன் முதற்பணிகளுள் ஒன்று. ஓர் இரவில் இட்டிலி மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் ஆற்றலை நெறிப்படுத்தும் கலையே நொதித்தல். அக்கலையில் பெற்ற தேர்ச்சி, பிற்காலத்தில் மருந்தாக்கத்திற்கு அடித்தளமாயிற்று. 2004-ஆம் ஆண்டு பயோகான், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக் கொண்டு உருவாக்கிய மனித இன்சுலினை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்சுலின் சிறியது, சர்க்கரைச் சங்கிலி வேண்டாதது. எனவே அதற்கு ஈஸ்ட் போதும்.

ஐதராபாத்தில், மின்னணுப் பொறியாளரான வரப்பிரசாத் ரெட்டி 1993-இல் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்னும் நிறுவனத்தை நிறுவினார். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பு மருந்தை அந்நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. அயல்நாட்டிலிருந்து பல நூறு ரூபாய் விலையில் வந்த தடுப்பு மருந்து, ஏறத்தாழ 50 ரூபாய்க்குக் கிடைக்கலாயிற்று. இந்தியாவில் உருவான முதல் மறுசேர்க்கைத் தடுப்பு மருந்து அதுவே.

அடுத்து வந்தது இன்னும் கடினமான பணி. மார்பகப் புற்றுநோயாளர் ஐவருள் ஏறத்தாழ ஒருவரிடம், ஹெர்-2 என்னும் புரதம் புற்றணுக்களின் மேற்பரப்பில் அளவிற்கு மீறிக் காணப்படும். அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு புற்றணுவின் பெருக்கத்தைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் எதிர்ப்பொருள் 1998-இல் அமெரிக்காவில் மருந்தாயிற்று. நான்கு சங்கிலிகளையும் ஆயிரத்திற்கு மேற்பட்ட அமினோ அமிலங்களையும் கொண்ட இப்பெரும் புரதத்தைச் சிற்றெலியின் உயிரணுக்களே உண்டாக்குகின்றன. இதற்கு ஒப்பான மருந்தை, அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் கூட்டாக முயன்று உருவாக்கி, பயோகான் 2014-இல் இந்தியாவில் வெளியிட்டது. 2017 திசம்பரில் அமெரிக்க அரசும் அதனை ஏற்றது. அம்மருந்திற்கு ஒப்பானதாக அந்நாடு ஏற்றவற்றுள் இதுவே முதலாவது. ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய நிலத்தில் பெற்ற தேர்ச்சி, கடல் கடந்த நாட்டின் நோயாளரையும் சென்றடைந்தது.

ஒப்பான மருந்தை உண்டாக்குதல் எளிதன்று. மாத்திரைகளில் உள்ள சிறு வேதிப்பொருளை எவர் செய்தாலும் அதே பொருள் கிடைக்கும். உயிரணு தரும் புரதம் அவ்வாறில்லை. உணவு மாறினால், வெப்பம் சிறிது மாறினால், அது பொருத்தும் சர்க்கரைச் சங்கிலிகளும் மாறக்கூடும். ஒரே விதையாயினும் நிலத்திற்கு ஏற்ப விளைச்சலின் சுவை மாறுவது போன்றது அது. ஆகவே, புதிய மருந்து பழைய மருந்தை எல்லா வகையிலும் ஒத்திருப்பதை ஆய்வுக் கூடத்திலும் நோயாளரிடத்தும் மெய்ப்பித்தல் வேண்டும். இதற்கு ஆண்டுகள் பல ஆகின்றன. பெரும் பொருளும் செலவாகிறது. மருந்தின் விலை மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்தும் மக்களும்

உள்நாட்டு ஆலைகளில் உருவாகத் தொடங்கியபின் இம்மருந்துகளின் விலை குறைந்தது. எனினும் நாட்கூலி பெறுவோர்க்குப் புற்றுநோய் மருந்து இன்றும் பெருஞ்சுமையே. மேலும், இவற்றுட் பல நோயை வேரோடு நீக்குவன அல்ல. இன்சுலின் ஊறாத குழந்தைக்கு அது நாள்தோறும் வேண்டும். ஒரு வாரம் கிடைக்காவிட்டாலும் உயிர்க்கு ஊறு நேரும். ஆகவே, மருந்து ஆலையில் உருவாவது மட்டும் போதாது. குளிர் குறையாமல், காலந்தவறாமல், மலைச் சிற்றூரில் வாழும் நோயாளர் கைக்கும் அது வந்து சேர்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை ஒருங்கே வாங்கி வழங்குவதற்காக, 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. நீரிழிவும் குருதி அழுத்தமும் உடையோரின் இல்லங்களுக்கே மருந்தைக் கொண்டு சேர்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், 2021 ஆகஸ்டில் இதே கிருட்டிணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில் தொடங்கப்பட்டது. சிறுநீரக நோயாளர் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வதற்குரிய பைகளை வழங்குதலும் அதன் பணிகளுள் ஒன்று. ஆலை இருக்கும் நகரத்திற்கும் நோயாளர் இருக்கும் சிற்றூருக்கும் இடையே உள்ள தொலைவு, சாலையால் மட்டும் அளக்கத்தக்கதன்று. அதனைக் குறைப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

மாடுகளின் கணையத்தையும், இறந்தோரின் சுரப்பியையும், பிறரின் குருதியையும் நாடி நின்ற மருத்துவம், இன்று ஓர் எலியின் உயிரணுவைத் துணையாகக் கொண்டு மனிதப் புரதத்தைச் சமைத்துத் தருகிறது. இதனை இயற்றியவர்கள் பல நாட்டினர். இருபது ஆண்டுகள் ஒரு துளிப் புரதத்தைத் தேடியவரும், அதற்காகச் சிறுநீரைத் திரட்டி உலர்த்தியவரும், கொட்டகையில் தொழில் தொடங்கியவரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் பணி இன்னும் முடியவில்லை. இதே மருந்தை இதனினும் குறைந்த செலவில் உண்டாக்குவது எவ்வாறு? குளிர்ப்பெட்டியின்றியும் கெடாமல் காப்பது எவ்வாறு? இவ்வினாக்கள் விடைக்காகக் காத்திருக்கின்றன. உயிரியலும் வேதியியலும் பொறியியலும் கற்கும் மாணவர் எவரும் அவ்விடையைத் தேடலாம். எல்லைப்புறச் சிற்றூர்ப் பள்ளியில் பயில்வோர்க்கும் அவ்வாய்ப்பு உண்டு. அவ்வாலைகளுக்குச் செல்லும் சாலை அவர்கள் ஊரின் அருகிலேயே தொடங்குகிறது.